கடலில் நிற்கும் ஒட்டு: இரும்போடு ஃபைபரை இணைக்க வருபவர்களுக்கு

இரும்புத் தகட்டின்மேல் கிளாஸ் ஃபைபரை எபாக்சிப் பசை வைத்து ஒட்டுவது பெரிய வித்தை இல்லை. பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க ஒருவர் இருந்தால் இரண்டு நாளில் கை பழகிவிடும். பசை இறுகியதும் இழுவை இயந்திரத்தில் மாட்டி இழுத்தால் நல்ல எண்ணும் வரும். அந்த எண்தான் புதிதாக வருபவர்களை ஏமாற்றுகிறது. கடலில் ஒட்டு பிரிவது பெரும்பாலும் பாரத்தால் இல்லை, தண்ணீரால். பசைக்கும் இரும்புக்கும் நடுவில் இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத அந்தப் பரப்பில் தண்ணீர் புகுந்து பசையை நகர்த்திவிடுகிறது.

நான் இதைப் புத்தகத்தில் படித்திருந்தும் நம்பியது ஒரு டிரம்மின் முன்னால் நின்றபோதுதான். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். ஒரே பசை, ஒரே தகடு, இரண்டு தொகுதி மாதிரிகள். முதல் தொகுதியை கிரிட் பிளாஸ்டிங் (கூரான துகள்களைக் காற்றழுத்தத்தில் அடித்துத் தகட்டைச் சுத்தமாக்குவது) முடித்த அன்றே ஒட்டினோம். இரண்டாவதை நேரமாகிவிட்டதால் பாலித்தீனில் சுற்றி வைத்துவிட்டு மறுநாள் காலை ஒட்டினோம். பார்வைக்கு இரண்டு தகடும் ஒரே சாம்பல் நிறம்தான். உலர்ந்த நிலையில் இழுத்தபோதும் வித்தியாசம் சொல்லும்படி இல்லை. மிச்சத்தைக் கடல்நீர் டிரம்மில் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டோம். சில மாதம் கழித்து எடுக்கும்போது இரண்டாம் தொகுதியில் ஒன்று என் கையிலேயே இரண்டாகப் பிரிந்தது. இரும்புப் பக்கத்தில் ஒரு பொட்டுப் பசைகூட இல்லை. பசைப் பக்கத்தில், பிளாஸ்டிங் செய்த பரப்பின் மேடுபள்ளம் அத்தனையும் அச்சு எடுத்ததுபோல அப்படியே இருந்தது. பசை உடையவே இல்லை. இரும்பை விட்டுக் கழன்றிருந்தது, அவ்வளவுதான்.

கீழே எழுதியிருப்பது எல்லாம் அந்த ஒரு பரப்பைக் காப்பாற்றுவதற்கான வேலைதான்.

இந்த வேலை எங்கே வருகிறது

கப்பலின் உடல் இரும்பு, மேற்கட்டுமானம் ஃபைபர் என்ற அமைப்பு இப்போது புதிதல்ல. பிரான்சின் லா ஃபாயெட் வகைப் போர்க்கப்பல்களில் 1990களிலேயே மேற்கட்டுமானத்தின் ஒரு பகுதியைக் கிளாஸ் ஃபைபரில் செய்தார்கள். 2017-இல் நம் கடற்படையில் சேர்ந்த ஐ.என்.எஸ். கில்டன், 2020-இல் சேர்ந்த ஐ.என்.எஸ். கவரட்டி இரண்டிலும் மேற்கட்டுமானம் கார்பன் ஃபைபர். மேலே எடை குறைந்தால் கப்பலின் நிலைப்பு கூடும். ஆனால் ஃபைபரும் இரும்பும் சந்திக்கும் கோடு ஒன்று எங்காவது இருந்தே ஆக வேண்டும், அதை வெல்டிங்கில் முடிக்க முடியாது.

இன்னொரு பக்கம் பழுதுபார்ப்பு. விரிசல் விட்ட, துருவில் மெலிந்த இரும்புத் தகட்டின்மேல் ஃபைபர் பட்டையை ஒட்டிப் பலப்படுத்துவார்கள். எண்ணெய்த் தொட்டிக்குப் பக்கத்தில் தீப்பொறி பறக்க வெல்டிங் செய்ய முடியாத இடத்தில் இது பெரிய வசதி. இதற்கென்று, கப்பல்களைச் சோதித்துத் தரச்சான்று தரும் டி.என்.வி. நிறுவனம் ஆர்.பி. சி301 என்ற வழிகாட்டு நெறியே வெளியிட்டிருக்கிறது. இந்தத் துறைக்கு வருபவர்கள் ஒருமுறையாவது முழுதாகப் படிக்க வேண்டிய ஆவணம் அது.

தண்ணீர் உள்ளே வந்து என்ன செய்கிறது

ஆண்டனி கின்லாக் என்ற ஆங்கிலேய விஞ்ஞானியும் அவருடன் வேலை செய்தவர்களும் 1970களில் கணக்கிட்ட இரண்டு எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எபாக்சியை இரும்பு ஆக்சைடின் பரப்பிலிருந்து பிரிக்க, உலர்ந்த நிலையில் சதுர மீட்டருக்கு 291 மில்லிஜூல் ஆற்றல் வேண்டும். இடையில் தண்ணீர் வந்துவிட்டால் அதே எண் கழித்தல் 255 ஆகிவிடுகிறது. கழித்தல் குறி வந்தால் என்ன பொருள்? யாரும் இழுக்க வேண்டாம், பிரிந்துபோவதுதான் அதற்குச் சுலபம். இரும்பு ஆக்சைடுக்குப் பசையைவிடத் தண்ணீரை அதிகம் பிடிக்கும். கார்பன் ஃபைபர் பக்கம் இதே கணக்கைப் போட்டால், தண்ணீரில் எண் குறைகிறதே தவிர நேர்க்குறியிலேயே நிற்கிறது. கடலில் ஊறிய இணைப்பு ஏன் எப்போதும் இரும்புப் பக்கம் கழல்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

இந்தக் கணக்கு மேலோட்டமான மூலக்கூறு ஈர்ப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பரப்பைச் சொரசொரப்பாக்குவதும், சிலேன் போன்ற வேதிப்பூச்சைத் தடவுவதும் இந்த நிலைமையை மாற்றத்தான்.

தண்ணீர் எவ்வளவு வேகத்தில் வரும்? எபாக்சியின் ஊடாக அது ஊறி நகரும் நேரம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. ஊடுருவல் எண்ணை நொடிக்கு ஒரு சதுர மைக்ரான் என்று வைத்தால், விளிம்பிலிருந்து 5 மில்லிமீட்டர் உள்ளே வர ஒன்பது, பத்து மாதம். 10 மில்லிமீட்டருக்கு மூன்று வருடத்துக்கு மேல். 50 மில்லிமீட்டருக்கு எண்பது வருடம் போல. பசைக்குப் பசை, வெப்பத்துக்கு வெப்பம் இது மாறும், ஆனால் கணக்கின் போக்கு மாறாது. அகலமான இணைப்பு தன் நடுப்பகுதியைத் தானே காப்பாற்றிக்கொள்ளும். ஆய்வுக்கூட மாதிரியின் ஒட்டு 12 மில்லிமீட்டர்தான் இருக்கும், இரண்டு பக்கமும் நனையும். அது சீக்கிரம் வீழ்வதை வைத்துக் கப்பலின் ஆயுளை நேரடியாகச் சொல்லக்கூடாது. அதேபோல, தண்ணீர் பசைக்குள் ஊறாமல் இரும்புப் பரப்பை ஒட்டியே ஓட வழி கிடைத்துவிட்டால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது.

அந்தக் குறுக்குவழியைத் திறந்துவிடுவதில் உப்பும் மின்சாரமும் கூட்டாளிகள். கப்பலின் அடியில் துரு பிடிக்காமல் இருக்கத் துத்தநாக அல்லது அலுமினியக் கட்டியை (ஆனோடு) கட்டுவார்கள், இரும்புக்குப் பதில் அது கரையும். அதன் பலனாக இரும்பின் பரப்பில் ஆக்சிஜனும் நீரும் சேர்ந்து காரமாக மாறுகின்றன. வெறும் இரும்புக்கு இது பாதுகாப்பு. ஒட்டின் விளிம்பிலோ, அந்தக் காரம் பசையை இரும்பிலிருந்து உரித்துக்கொண்டே உள்ளே போகும். ஒரே ஏற்பாடு தகட்டைக் காப்பாற்றி ஒட்டைக் கெடுக்கிறது. ஆகவே நீர்மட்டத்துக்குக் கீழே ஒட்டு வைப்பதாக இருந்தால், வெளி விளிம்பில் வெற்று இரும்பு கொஞ்சம்கூடத் தெரியக்கூடாது.

வரைபடத்திலேயே முடிக்க வேண்டியவை

முதலில் இடம். இணைப்பை நீர்மட்டத்துக்கு மேலே வைக்க முடிந்தால் வையுங்கள். மேலே வைத்தாலும், மழைத் தண்ணீரும் அலைத் தெறிப்பும் தேங்குகிற மூலையில் வைக்காதீர்கள். நனைந்து நனைந்து உலரும் இடத்தில் உப்பு சேர்ந்துகொண்டே போகும், இரும்பு அங்கேதான் மிக வேகமாகத் துருப்பிடிக்கும். தண்ணீர் வழிந்தோட ஒரு சரிவு கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

அடுத்தது வடிவம். ஒன்றன்மேல் ஒன்று படியும் லேப் ஜாயின்டில் பாரம் பரப்பு முழுக்கச் சமமாகப் பரவுவதில்லை, இரண்டு முனையிலும் குவிகிறது. வோல்கர்சன் என்ற ஆய்வாளர் 1938-இலேயே கணக்குப் போட்டுக் காட்டிய விஷயம் இது. தண்ணீர் முதலில் வருவதும் அதே முனைக்குத்தான். எனவே ஃபைபர் தகட்டின் முனையைச் சாய்வாகச் சீவுங்கள். பிதுங்கி வரும் பசையை வழித்து எறியாமல் ஃபில்லெட்டாக, அதாவது மூலையை நிரப்பும் வளைவாக, விடுங்கள். பசை சறுக்கு விசையை நன்றாகத் தாங்கும், உரிக்கிற விசையைத் தாங்காது. பழைய ஸ்டிக்கரை ஒரு மூலையில் பிடித்து உரித்தால் எவ்வளவு சுலபமாக வருகிறது, அந்த மூலை உங்கள் இணைப்பில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்து அடைத்துவிடுங்கள்.

கார்பன் ஃபைபர் என்றால் இன்னொன்று. கார்பன் மின்சாரம் கடத்தும். கடல்நீரில் அது இரும்போடு தொட்டுக்கொண்டால் பேட்டரி மாதிரி ஆகி, இரும்பு வேகமாக அரிபடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கிளாஸ் ஃபைபர் அடுக்கு கட்டாயம். வெட்டிய விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் கார்பன் இழை ஒன்றே போதும், அந்த அடுக்கை வீணாக்கிவிடும். விளிம்பையும் சேர்த்து மூடுங்கள்.

வெப்பத்தையும் இங்கேயே கணக்கில் எடுக்க வேண்டும். ஒரு மீட்டர் இரும்பு 40 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் நீளும். கார்பன் ஃபைபர் இழையின் திசையில் கிட்டத்தட்ட நீளாது. முழுவதையும் பசையே தாங்குவதாக வைத்துக்கொண்டால், முனை ஒன்றுக்குக் கால் மில்லிமீட்டர் நழுவல். பசை அடுக்கு 0.3 மில்லிமீட்டர் என்றால் அது ஏறக்குறையத் தன் கனத்தின் அளவுக்கே இழுபடுகிறது. 3 மில்லிமீட்டர் என்றால் அதில் பத்தில் ஒரு பங்குதான். கப்பல் வேலையில் தடித்த, கொஞ்சம் நெகிழ்வான பசையை விரும்புவதற்கு இது ஒரு காரணம். பெரிய தகடுகள் அச்சாகப் பொருந்தாமல் இடைவெளி விடும் என்பது இன்னொரு காரணம்.

எந்தப் பசை

பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: எபாக்சி, மெத்தக்ரிலேட், பாலியூரித்தேன். எபாக்சி விறைப்பு, நீரை நன்றாகத் தாங்கும், ஆனால் பரப்புத் தயாரிப்பில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காது. மெத்தக்ரிலேட் வேகமாக இறுகும், தடிமனாக வைக்கலாம், நெகிழ்வும் உண்டு. அதன் நெடி கடுமையானது, காற்றோட்டம் இல்லாத அறையில் தொடவே தொடாதீர்கள். தடித்த அடுக்கில் அது சூடாகிக் கொதிக்கவும் கூடும். பாலியூரித்தேன் அதிர்வைத் தாங்கும், விறைப்புக் குறைவு.

விவரத்தாளில் எல்லோரும் வலிமை எண்ணைத் தேடுவார்கள். நீங்கள் முதலில் தேட வேண்டியது கண்ணாடிநிலை மாற்ற வெப்பநிலை. அதைத் தாண்டினால் பசை ரப்பர் போலத் தளர்ந்துவிடும். அறை வெப்பத்தில் இறுகும் எபாக்சிகளில் இது பெரும்பாலும் 50, 60 டிகிரி பக்கம்தான் இருக்கும். தண்ணீர் ஊறினால் இன்னும் இறங்கும். நம் கடலோர வெயிலில் அடர்நிறம் பூசிய மேல்தளத் தகடு மதியம் 60 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். வெறுங்காலோடு நிற்க முடியாத தளத்தில் அறை வெப்ப எபாக்சியை நம்பி ஒட்டு வைத்தால், தினமும் மதியம் சில மணி நேரம் அது தளர்ந்தே இருக்கும். உச்ச வெப்பத்தைவிட 15, 20 டிகிரியாவது மேலே இருக்கும் பசையை, ஊறிய நிலையின் எண்ணைப் பார்த்து எடுங்கள். வெளிர் நிற பெயின்ட் அடிப்பதும் ஒரு நல்ல தீர்வுதான், செலவும் இல்லை.

இரும்பைத் தயார் செய்வது

இங்கே நிதானமாக இருங்கள். மற்ற எல்லாப் படிகளிலும் சின்னச் சின்னத் தவறுகள் மன்னிக்கப்படும், இதில் ஒன்றுகூட மன்னிக்கப்படாது.

ஒன்று, எண்ணெய் நீக்குவது. பிளாஸ்டிங்குக்கு முன்பே அசிட்டோன் அல்லது அதற்கான கிளீனர் வைத்துத் துடைக்க வேண்டும். எண்ணெயோடு பிளாஸ்டிங் செய்தால் அதை இரும்புக்குள் அடித்து ஏற்றிவிடுவீர்கள். ஒரு துணியை நனைத்துத் துடைத்து, அது காயும் முன் வேறொரு உலர்ந்த வெள்ளைத் துணியால் துடைத்தெடுங்கள். வெள்ளைத் துணி வெள்ளையாகவே வரும்வரை. அழுக்குத் துணியை அசிட்டோன் டப்பாவில் மறுபடி முக்காதீர்கள், டப்பா முழுக்க எண்ணெயாகிவிடும். துணியின்மேல் ஊற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டு, உப்பு. கடலோரத்தில் கிடந்த தகட்டில் உப்பு இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, அசிட்டோனுக்கும் போகாது. நல்ல தண்ணீரை அழுத்தமாக அடித்துக் கழுவ வேண்டும். மீதம் எவ்வளவு என்று பார்க்க பிரெஸ்லே பட்டை என்று ஒன்று இருக்கிறது. 12.5 சதுர சென்டிமீட்டர் பள்ளம் உள்ள ஒட்டும் பட்டை. தகட்டில் ஒட்டி, சுத்த நீரை ஊசியால் உள்ளே செலுத்தி, உறிஞ்சி எடுத்து அதன் மின்கடத்தலை அளக்க வேண்டும். மொத்தம் 15 மில்லிலிட்டர் நீர் என்றால், செலுத்தும் முன்பும் எடுத்த பின்பும் அந்த நீர் காட்டும் மின்கடத்தலின் வித்தியாசத்தை (சென்டிமீட்டருக்கு மைக்ரோசீமென்ஸில்) 6-ஆல் பெருக்குங்கள். அதுதான் சதுர மீட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் உப்பு. வித்தியாசம் 8 என்றால் 48 மில்லிகிராம். கப்பலின் பேலஸ்ட் தொட்டிகளுக்கு (கப்பல் நிலையாக நிற்கக் கடல்நீர் நிரப்பும் தொட்டிகள்) பெயின்ட் அடிக்க சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2006-இல் வகுத்த விதியில் மேல் எல்லை 50. பெயின்டுக்கே அப்படி என்றால், பாரம் தாங்கும் ஒட்டுக்கு நான் 20-க்கு மேல் விடமாட்டேன். இது என் கணக்கு. உங்கள் பசைத் தயாரிப்பாளர் இன்னும் குறைவாகச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

மூன்று, பிளாஸ்டிங். கூர்மையான முனை உள்ள அலுமினா அல்லது இரும்பு கிரிட் வேண்டும். உருண்டைக் குண்டு பரப்பைத் தட்டி மொழுக்குமே ஒழிய கீறாது. ஆற்றுமணல், கடல்மணல் இரண்டும் கூடாது. ஒன்று நுரையீரலைக் கெடுக்கும், மற்றது உப்பையும் கூட்டிவரும். ஐ.எஸ்.ஓ. 8501 தரப்படி எஸ்ஏ 2½ (துருவும் பழைய பூச்சும் ஏறக்குறைய முழுதும் போன நிலை) அல்லது அதற்கு மேல், மேடுபள்ளம் 50 முதல் 75 மைக்ரான் வரை என்பது பொதுவாக நல்ல இலக்கு. பிளாஸ்டிங் காற்றில் எண்ணெயோ நீரோ வருகிறதா என்று ஒரு வெள்ளைக் காகிதத்தைக் குழாய் முன் பிடித்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். முடிந்ததும் தூசியை வேக்குவம் வைத்து உறிஞ்சுங்கள். ஒட்டும் டேப் ஒன்றை அழுத்தி எடுத்துப் பார்த்தால் தூசி மிச்சமிருப்பது தெரிந்துவிடும்.

நான்கு, காற்றின் ஈரம். 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் உள்ள ஒரு சாதாரணக் கடலோரக் காலையில் பனிப்புள்ளி, அதாவது காற்றின் ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 26 டிகிரிக்குச் சற்று மேலே. தகட்டின் வெப்பம் அதைவிட 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது விதி, அதாவது 29-க்கு மேல். ஆனால் இரவெல்லாம் குளிர்ந்த தடித்த தகடு காலை எட்டு மணிக்கு 27-இல்தான் நிற்கும். காற்று சூடாகிவிட்டதே என்று தொடங்கினால், கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலத்தின்மேல் பசை பூசுகிறீர்கள். காற்றை மட்டும் அளக்காதீர்கள். தகட்டின்மேல் ஒட்டும் வெப்பமானி வையுங்கள். கடலோரத்தில் பிற்பகல் ஒரு மணி முதல் நான்கு மணிவரை எனக்குப் பிடித்த நேரம்.

ஐந்து, கடிகாரம். பிளாஸ்டிங் முடிந்த நேரத்தைத் தகட்டின் ஓரத்தில் டேப் ஒட்டி எழுதுங்கள். எங்கள் வழக்கம் இரண்டு மணி நேரத்துக்குள் பசையோ ப்ரைமரோ மேலே வந்துவிட வேண்டும், ஈரமான நாளில் ஒரு மணிதான். தகட்டில் லேசாகக் காவி ஓடியிருந்தால் துணியால் துடைத்துச் சமாளிக்காதீர்கள், மறுபடி பிளாஸ்டிங். அந்த டிரம்மில் பிரிந்த மாதிரியில் காவிகூடத் தெரியவில்லை, நேரம் கடந்ததே போதுமாக இருந்தது.

ஆறு, சிலேன் அல்லது ப்ரைமர். நீண்ட ஆயுள் வேண்டும் என்றால் இந்தப் படியைத் தவிர்க்காதீர்கள். எபாக்சிக்கு ஏற்ற சிலேனை ஒரு சதவீத நீர்க்கரைசலாகக் கலந்து, ஒரு மணி நேரம் வினைபுரிய விட்டு, பிளாஸ்டிங் செய்த பரப்பில் பூசி, சூடாக்கி உலர்த்துவது வழக்கம். ஒருமுறை கலந்த கரைசல் அன்றைக்கு மட்டும். அதிகமாகப் பூசினால் நல்லது என்று நினைக்காதீர்கள், தடித்த படலம் தானே பலவீனமான அடுக்காகிவிடும். கப்பல் தளத்தில் நீர்க்கரைசலைக் கையாள்வது கஷ்டம் என்றால், பசைத் தயாரிப்பாளர் தரும் துருத்தடுப்பு ப்ரைமரே நல்லது.

ஃபைபர் பக்கம்

இது சுலபம். ரெசின் ஊற்றும்போதே மேலே பீல் ப்ளை துணி போட்டிருந்தால், ஒட்டுவதற்குச் சற்று முன் அதை உரித்தெடுங்கள். சிலவகை பீல் ப்ளையில் வழுக்கும் பூச்சு இருக்கும், அதன் மிச்சம் பரப்பில் தங்கும். அதனால் உரித்த பிறகும் லேசாக உப்புத்தாள் போட்டு, தூசி துடைப்பதே பாதுகாப்பு. இழை தெரியும்வரை தேய்க்கக்கூடாது. பழைய ஃபைபர் என்றால் முதலில் உலர்த்துங்கள். அது உறிஞ்சி வைத்திருக்கும் ஈரம், பசையைச் சூடாக்கி இறுக்கும்போது வெளியே வந்து குமிழ் விடும். தண்ணீர் தெளித்துப் பார்ப்பது நல்ல சோதனை: படலமாகப் பரவினால் சுத்தம், முத்து முத்தாகத் திரண்டால் மறுபடி சுத்தம் செய்யுங்கள்.

கலந்து, பூசி, இறுக விடுவது

ரெசினையும் ஹார்டனரையும் எடை போட்டுக் கலக்குங்கள், கண் அளவு வேண்டாம். ஹார்டனரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்பது பாலியஸ்டர் ரெசின் வேலையிலிருந்து வரும் பழக்கம். எபாக்சியில் மிஞ்சிய ஹார்டனர் வினைபுரியாமல் உள்ளேயே தங்கித் தண்ணீரை உறிஞ்சும். ஃபைபர் படகு வேலையிலிருந்து வரும் நல்ல கைவேலைக்காரர்களிடம்கூட இந்தப் பழக்கத்தைப் பார்த்திருக்கிறேன், முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. வெப்பம் 10 டிகிரி கூடினால், கலந்த பசையைக் கையாளும் நேரம் தோராயமாகப் பாதியாகும். 25 டிகிரியில் 40 நிமிடம் என்று டப்பாவில் எழுதியிருந்தால், 35 டிகிரி பட்டறையில் உங்களுக்கு 20 நிமிடம்தான்.

இரும்புப் பக்கம் முதலில் ஒரு மெல்லிய பூச்சை அழுத்தித் தேயுங்கள். மேடுபள்ளத்தின் அடிவரை பசை நனைக்க வேண்டும். அப்புறம் மீதியை நடுவில் மேடாக வைத்து, ஃபைபரை ஒரு பக்கமிருந்து சாய்த்து இறக்குங்கள், காற்று வெளியே ஓடும். அடுக்கின் கனம் மாறாமல் இருக்க கண்ணாடி மணி அல்லது இறுகிய அதே பசையின் துண்டுகளை இடையில் வையுங்கள். கம்பித்துண்டு வைக்காதீர்கள், துருவுக்கு வழி. கிளாம்பைப் பலம் கொண்டமட்டும் முறுக்கினால் பசை எல்லாம் வெளியே வந்துவிடும். இடத்தில் நிற்க மட்டும் அழுத்தினால் போதும்.

இறுகும் நேரத்தில் தடித்த இரும்பு சூட்டை உறிஞ்சிவிடும். வெப்பப் போர்வை 60 காட்டும், பசை 45-இல் இருக்கும். பசை விளிம்பிலேயே ஒரு தெர்மோகப்பிள் (வெப்பம் அளக்கும் கம்பி) வைத்துப் பாருங்கள். கையுறை, கண்ணாடி இரண்டும் இல்லாமல் எபாக்சியைத் தொடக்கூடாது. தோல் ஒருமுறை ஒவ்வாமைக்குப் பழகிவிட்டால் அது வாழ்நாள் முழுக்கப் போகாது, இந்த வேலையையே விட வேண்டியிருக்கும்.

இறுகிய பிறகு விளிம்பை மூடுங்கள். ஃபில்லெட்டின்மேல் ஒரு கிளாஸ் ஃபைபர் அடுக்கு, அல்லது நல்ல சீலன்ட், அதன்மேல் பெயின்ட். பெயின்ட் ஒட்டின் கோட்டைத் தாண்டி இரண்டு பக்கமும் தாராளமாகப் போக வேண்டும். எபாக்சியின் மேல் மெழுகு போன்ற பிசுபிசுப்பு ஏறியிருந்தால் தண்ணீரும் ஸ்பாஞ்சும் வைத்துக் கழுவிவிட்டுத்தான் அடுத்த அடுக்கு.

சோதிப்பது

லேப் ஜாயின்டை உலர இழுப்பது பசை சரியாகக் கலந்ததா என்று சொல்லும். கடலில் நிற்குமா என்று சொல்லாது. அதைக் கேட்க ஆப்புச் சோதனை வேண்டும். விமானத் துறையில் பிறந்து, ஏ.எஸ்.டி.எம். தர அமைப்பின் டி3762 என்ற தரநெறியாக வெளிவந்தது. இரண்டு பட்டைகளை ஒட்டி, ஒரு முனையில் ஆப்பு செருகினால் விரிசல் ஓரளவு ஓடி நிற்கும். அந்த இடத்தை ஊசியால் குறித்துவிட்டு வெந்நீரில் அல்லது ஈரமான சூட்டில் வைக்க வேண்டும். பரப்பு நன்றாகத் தயாராகியிருந்தால் விரிசல் கொஞ்சமே நகரும், பசைக்குள்ளேயே நகரும். மோசமென்றால் சில மணி நேரத்தில் இரும்பின் மேலேயே ஓடிவிடும். செலவு குறைவு, இயந்திரம் வேண்டாம், பதில் ஒரே வாரத்தில்.

அந்தத் தரம் அலுமினியத்துக்கு எழுதப்பட்டது, அதை அப்படியே இரும்புக்கு எடுத்தால் தவறும். மெல்லிய மைல்டு ஸ்டீல் பட்டை விரிசலை ஓட்டாமல் தானே வளைந்து நின்றுவிடும், நீங்களும் ஒட்டு அருமை என்று நினைப்பீர்கள். 6 மில்லிமீட்டருக்குக் குறையாத கனத்தில், கூடுதல் வலிமையுள்ள கப்பல் தகடும், 1.5 மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய ஆப்பும் வையுங்கள். ஆப்பை எடுத்ததும் பட்டை நேராகத் திரும்புகிறதா பாருங்கள். திரும்பவில்லை என்றால் அந்த முடிவைத் தூக்கிப் போடுங்கள். பரப்புத் தயாரிப்பைச் சோதிக்க இரும்போடு இரும்பை ஒட்டினாலே போதும். இரும்போடு ஃபைபர்தான் வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் ஒரே அளவு வளையும்படி கனத்தைத் தேர்ந்தெடுங்கள். இரும்பின் விறைப்பு 200 கிகாபாஸ்கல், கிளாஸ் ஃபைபரின் விறைப்பு 20 என்றால், ஃபைபர் இரும்பைப்போல் இரண்டேகால் மடங்குக்குச் சற்றுக் குறைவான கனத்தில் இருக்க வேண்டும்.

கூடவே ஒரு தொகுதி மாதிரிகளைக் கடல்நீரில் வையுங்கள், சிலவற்றை ஸ்பிரிங் பாரத்தோடு. பாரமும் தண்ணீரும் சேர்ந்தால்தான் உண்மை வெளிவரும். தொட்டியைச் சூடாக்கலாம், ஆனால் ஊறிய பசையின் மாற்ற வெப்பநிலைக்கு நன்றாகக் கீழே. அதைத் தாண்டினால் கப்பலில் நடக்காத ஒன்றைச் சோதிக்கிறீர்கள். ஐந்து சதவீத உப்பும் 35 டிகிரியும் கொண்ட உப்புத்தூவல் பெட்டி துருவுக்கு நல்ல ஒப்பீடு, ஒட்டின் ஆயுளை வருடக் கணக்கில் சொல்ல அதை நம்பாதீர்கள்.

உடைந்த பரப்பை எண்ணைவிடக் கவனமாகப் பாருங்கள். இரண்டு பக்கமும் பசை இருந்தால் பசைக்குள் உடைந்தது. ஃபைபர் இழை பிய்ந்து வந்தால் ஒட்டு ஃபைபரைவிடப் பலம். இரும்பு வெறுமையாகத் தெரிந்தால், அது எங்கே தெரிகிறது என்று பாருங்கள். விளிம்பைச் சுற்றி ஒரு சட்டம் போல வெறுமையும் நடுவில் பசையும் இருந்தால் தண்ணீர் வெளியிலிருந்து உள்ளே நடந்து வந்திருக்கிறது. அந்தச் சட்டத்தின் அகலத்தை ஒவ்வொரு தடவையும் ஸ்கேல் வைத்து அளந்து எழுதுங்கள். நடுவிலும் திட்டுத் திட்டாக வெறுமை என்றால் அது தண்ணீர் இல்லை, சுத்தம் செய்ததில் தவறு.

கப்பலில் ஏறிய பிறகு

ஒட்டிய பாகத்தைப் பிரிக்காமல் அதன் வலிமையை எளிதில் அளக்க வழி இல்லை. நாணயத்தால் தட்டினால் வெற்றிடம் தெரியும், அல்ட்ராசவுண்டில் பிரிந்த இடம் தெரியும். தொட்டுக்கொண்டிருக்கிற, ஆனால் பிடித்துக்கொண்டிராத பரப்பு இரண்டிலும் தப்பிவிடும். அதனால்தான் வேலை செய்யும் அன்றைய பதிவேட்டுக்கு இத்தனை மதிப்பு: தகட்டின் வெப்பம், காற்றின் ஈரம், உப்பு அளவு, பிளாஸ்டிங் முடிந்த நேரம், பசை பூசிய நேரம், பசையின் தொகுதி எண்.

ஒவ்வொரு முறை கப்பல் உலர் தளத்துக்கு வரும்போதும் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். பெயின்டில் முடி அளவு கோடு, அதிலிருந்து வழியும் காவிக் கறை, தட்டினால் மாறும் சத்தம், இவை மூன்றும் முதல் அறிகுறிகள். விளிம்பில் பெயின்ட் மட்டும் பிளந்திருந்தால் அன்றே சுரண்டி, உலர்த்தி, மூடுங்கள்.

இணைப்பை ஒட்டும்போது அதே பசையில், அதே மணி நேரத்தில், அதே ஆள் கையால் பத்துப் பன்னிரண்டு சின்ன மாதிரிகளும் ஒட்டிவிடுங்கள். அவற்றை ஒரு தாங்கியில் கட்டி, இணைப்புக்குப் பக்கத்திலேயே அதே வெயிலும் தெறிப்பும் படும்படி மாட்டுங்கள். வருடத்துக்கு ஒன்றைக் கழற்றி உடைத்து, வெறுமையான சட்டத்தின் அகலத்தை அந்தப் பதிவேட்டிலேயே எழுதுங்கள்.